முகாமுக்குப் போகும் வக்கீலுக்கு என்ன வேலை?

வாசகர் கேள்விகள், வழக்கறிஞர் பதில்கள்

சென்ற இதழில் இலவச சட்ட உதவி குறித்து எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களைப் பற்றியவையாக இருந்ததால், இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தெரிந்தே விட்டிருக்கிறேன்.

கேள்வி: காட்பாடி அரசு சட்டக் கல்லூரியில் படித்து, வழக்கறிஞராகப் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மேல்மொணவூர் முகாமில் உள்ளவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்த விரும்புகிறேன். இந்தியாவில் அகதிகளுக்கென்று சட்டமே இல்லை, அங்கே போய் என்ன செய்வாய் என்று என் சீனியர் கேட்கிறார். வீட்டிலும் இதே கேள்விதான், ஆனால் அவர்கள் கேட்பது வருமானத்தைப் பற்றி. என்ன பதில் சொல்வது?
– இளம் வழக்கறிஞர், காட்பாடி

பதில்: உங்கள் சீனியர் சொன்னதில் பிழை இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதி என்பவர் யார் என்று வரையறுக்கும் உள்நாட்டுச் சட்டமும் நம்மிடம் இல்லை. முகாமில் இருப்பவர் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு வெளிநாட்டவர், அவ்வளவுதான். முன்பு 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டமும், இப்போது அதனிடத்தில் வந்துள்ள 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டமும் அவரை அப்படித்தான் பார்க்கின்றன. ஆனால் அரசமைப்பின் 14ஆம் உறுப்பும் 21ஆம் உறுப்பும் ‘குடிமகன்’ என்று தொடங்கவில்லை, ‘எந்த ஒரு நபரும்’ என்றே பேசுகின்றன. இன்றைய வங்கதேசத்திலிருந்து வந்து அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா மக்களை அங்கிருந்து விரட்ட முயன்றபோது, 1996இல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய உயிரைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்று தீர்ப்பளித்ததும் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான். அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நீங்கள் போடும் ரிட் மனுக்களுக்கு அடித்தளம் அதுவே.

உண்மையில் அந்த அடித்தளத்தை நீங்கள் அடிக்கடி தோண்ட வேண்டியிருக்காது. முகாமிலிருந்து வரும் வழக்குக் கட்டுகளில் பெரும்பாலானவை அகதிச் சட்டம் பற்றியவை அல்ல. முகாம் ஆண்களில் கணிசமானோர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர்கள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவருக்கு ஒப்பந்தக்காரர் கைவிரித்திருப்பார். தேசிய நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்தவரின் மனைவி, நாம் இந்த நாட்டுக்காரர்கள் இல்லையே, நமக்கு இழப்பீடு தருவார்களா என்று வழக்கே போடாமல் இருப்பார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுக்குக் குடியுரிமை ஒரு நிபந்தனையே அன்று. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடமிருந்து பாதுகாப்பு கேட்கும் பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் முகாம் வேலிக்கு உள்ளேயும் பொருந்தும். சாதாரண வழக்கைச் சாதாரண வழக்காக நடத்தித் தருகிற ஒருவர் இல்லாததுதான் அங்குள்ள முதல் குறை. இரண்டு ஆண்டு அனுபவம் அதற்குத் தாராளமாகப் போதும்.

ஆனால் முகவரி அட்டையை எடுத்துக்கொண்டு நேராக முகாம் வாசலுக்குப் போய்விடாதீர்கள். வழக்கைத் தேடிப் போவதையும் தன்னை விளம்பரப்படுத்திக்கொள்வதையும் இந்திய வழக்கறிஞர் கழகத்தின் 36ஆம் விதி தடுக்கிறது. கட்டணம் வாங்கவில்லை என்பது அதற்கு விலக்காகாது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாகச் செல்லுங்கள். அதன் வழக்கறிஞர் பட்டியலில் சேர மூன்று ஆண்டு அனுபவம் தேவை என்பதால், இன்னும் ஓராண்டு நீங்கள் பட்டியலில் உள்ள ஒருவருக்குத் துணையாக இருக்கலாம். அவர்கள் நடத்தும் சட்ட விழிப்புணர்வு முகாம்களில் பேசலாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். வழக்கு தொடுக்கவோ எதிர்கொள்ளவோ வேண்டிய ‘ஒவ்வொரு நபரும்’ என்றுதான் அது தொடங்குகிறது. பெண், குழந்தை, மாற்றுத்திறனாளி, காவலில் இருப்பவர் ஆகியோருக்கு வருமான வரம்பும் கிடையாது. முகாமில் உள்ள ஒரு பெண் தன் வழக்குக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் கேட்டு மனுப் போடலாம் என்பது அந்தப் பெண்ணுக்கும் தெரிவதில்லை, நம்மில் பலருக்கும் தெரிவதில்லை.

வீட்டாரின் கேள்விக்கு என்னிடம் அழகான பதில் இல்லை. வழக்கறிஞர் கழகத்தின் 46ஆம் விதி, ஏழைகளுக்கு இலவசமாக உதவுவதை நம் உயர்ந்த கடமைகளில் ஒன்றாகச் சொல்லும்போதே, ‘தன் பொருளாதார நிலையின் எல்லைக்குள்’ என்ற சொற்களையும் சேர்த்தே சொல்கிறது. அந்த எல்லையை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். நான் தொடங்கிய காலத்தில் கையில் வந்த எல்லாக் கட்டையும் வாங்கி அடுக்கிவிட்டு, வாய்தாவுக்குப் போக முடியாமல் இரண்டு வழக்குகளைத் தள்ளுபடியாக விட்டேன். கட்டணம் கொடுத்தவராக இருந்தால் வந்து சண்டை போட்டிருப்பார். இவர்கள் ‘பரவாயில்லை அம்மா’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒரே நேரத்தில் நான்கு இலவச வழக்குகளுக்கு மேல் எடுப்பதில்லை. இன்னொன்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: வேலூர் மாவட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வுக்கு உட்பட்டது. ரிட் மனு என்றால் காட்பாடியில் ரயில் ஏற வேண்டும். உங்கள் பயணச் செலவும் மனுதாரரின் ஒரு நாள் கூலியும் அதில் போகும் என்பதை வக்காலத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: என் பெற்றோர் 1984இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். என் அண்ணன் 1986 டிசம்பரில் வேலூர் பெண்ட்லேண்ட் அரசு மருத்துவமனையில் பிறந்தார். நான் அதே மருத்துவமனையில் 1988 பிப்ரவரியில் பிறந்தேன். இருவரும் ஒரே பள்ளியில் படித்தோம். அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமை உண்டு, எனக்குக் கிடையாது என்று சொல்கிறார்கள். இது எப்படிச் சரியாகும்? ஆதார் இருக்கிறதே, அதை வைத்துக் கடவுச்சீட்டு எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா அம்மா?
– முகாம்வாசி, வேலூர் மாவட்டம்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆதார் இந்தியாவில் வசிப்பதற்கான அடையாளமே ஒழியக் குடியுரிமைக்கான சான்று அன்று. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் இந்தியக் குடிமகள் என்று எழுதிக் கையெழுத்திட்டால், பொய்த் தகவல் தந்ததாக வழக்கு உங்கள் மீதுதான் வரும். பணம் வாங்கியவர் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இருக்க மாட்டார். பிறகு என்றாவது சட்டப்படி குடியுரிமை கேட்கும் வாய்ப்பு வரும்போது அந்த வழக்கு எண் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

இனி உங்கள் அண்ணன் விஷயம். 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 1950 ஜனவரி 26ஆம் நாளிலிருந்து 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்த எவரும், தாய் தந்தையர் எந்த நாட்டவராயினும், பிறப்பால் குடிமகன் என்கிறது (தூதரக அலுவலர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் உங்களுக்குப் பொருந்தா). அந்த 1987 ஜூலை முதல் 2004 டிசம்பர் 3ஆம் நாளுக்கு முன்பு வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு நிபந்தனை இன்னும் இறுகுகிறது: ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாகவும் இருக்கக் கூடாது. ஆகவே உங்கள் அண்ணன் குடிமகன், நீங்கள் அல்லர் என்பதே சட்டத்தின் இன்றைய நிலை. எப்படிச் சரியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி சரி என்பதற்கு மேல் இதில் நியாயம் எதையும் என்னால் காட்ட முடியவில்லை.

அண்ணனுடைய உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல், பிறந்த நாளையும் இடத்தையும் பார்த்து அவர் இந்தியக் குடிமகள் என்று ஏற்றது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தும் விட்டார். உங்கள் அண்ணன் செய்ய வேண்டியது, பிறப்புச் சான்றிதழை எடுப்பது. அன்றைய வேலூர் நகராட்சியின் பதிவேடுகளில், அதாவது 2008இல் மாநகராட்சியான அதே அலுவலகத்தில், முதலில் தேடச் சொல்லுங்கள். பதிவே இல்லை என்றால், ‘பதிவு இல்லை’ என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குக் கோட்டாட்சியரிடம் மனுச் செய்யலாம். மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, முகாம் பதிவேட்டில் குழந்தையின் பெயர் சேர்க்கப்பட்ட நாள், பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஆகியவை அங்கே உதவும்.

இவை எல்லாவற்றிலும் ஒரே தேதி இருக்கிறதா என்று மனுப் போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நான் இதில் அடிபட்டிருக்கிறேன். பள்ளியில் சேர்ப்பதற்காக யாரோ ஓர் ஆசிரியர் ஒரு வயதைக் கூட்டி எழுதியிருந்ததைக் கவனிக்காமல் அந்தச் சான்றிதழையே முதல் ஆவணமாக வைத்து மனுப் போட்டேன். முகாம் பதிவேடு வேறு ஆண்டைக் காட்டியது. இரண்டையும் இணக்கப்படுத்துவதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. ஒரு நாள் தவறினாலும் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மாறிவிடக்கூடிய வழக்கு இது. மற்ற வழக்குகளில் காட்டும் அலட்சியத்தை இதில் காட்டக் கூடாது என்று என் ஜூனியர்களுக்கு இப்போதும் சொல்கிறேன்.

உங்களுக்கு வழியே இல்லையா? நேரான வழி இல்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமே. இலங்கை அதில் சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் வந்த விலக்களிப்பு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து அரசிடம் பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவிக்கிறது. உங்கள் பெற்றோருக்கு அது நிம்மதி தரும். ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு என்பது குடியுரிமை ஆகாது. உங்களுக்காக ஒரு வாதத்தை முன்வைக்க முடியும். சட்டவிரோதக் குடியேறி என்பவர், உரிய ஆவணமின்றி இந்தியாவுக்குள் ‘நுழைந்த’ வெளிநாட்டவர் என்றுதான் குடியுரிமைச் சட்டம் வரையறுக்கிறது. பெண்ட்லேண்ட் மருத்துவமனையில் பிறந்த நீங்கள் எந்த எல்லையின் வழியாக நுழைந்தீர்கள்? நுழையாதவர் சட்டவிரோதக் குடியேறி ஆகார், எனவே நீண்ட கால வசிப்பின் அடிப்படையில் விண்ணப்பிக்கத் தடையில்லை என்று கேட்கலாம். இதை வாதமாகத்தான் சொல்கிறேன், முடிந்த சட்டமாகச் சொல்லவில்லை. இதை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

இன்னொரு கேள்வியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தாத்தா பாட்டி மன்னாருக்கு எங்கிருந்து வந்தார்கள்? மலையகத் தோட்டத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் என்றால் கதை மாறுகிறது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா ஒப்புக்கொண்டது; 1974இல் மேலும் 75,000 பேர். அந்தக் கணக்கில் விண்ணப்பித்துக் காத்திருந்து, கலவரத்தில் அகதியாக வந்து முகாமில் அடைந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட 65 பேரின் மனுவில்தான் 2019இல் மதுரைக் கிளை, அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி மத்திய அரசுக்குச் சொன்னது. கண்டியிலிருந்த இந்திய அலுவலகம் தந்த ஏதாவது காகிதம் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தால், அதன் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வாருங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், வழக்கறிஞரிடம்கூட.

கேள்வி: நம் ஊர் ஏழைகளே நீதிமன்றப் படிக்கட்டில் காத்துக் கிடக்கும்போது, வெளிநாட்டவருக்கு எதற்கு இலவச வக்கீல்? இந்தியா சத்திரம் அன்று என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே?
– வாசகர், ஆற்காடு

பதில்: 2025 மே மாதம் அப்படி ஒரு கருத்து வாய்மொழியாகச் சொல்லப்பட்டது உண்மை. தண்டனைக் காலம் முடிந்த ஒருவர் தன்னை நாடு கடத்தக் கூடாது என்று கேட்ட மனு அது. தங்கியிருக்கும் உரிமை வேறு, தங்கியிருக்கும் நாளில் சட்டத்தின் பாதுகாப்பு வேறு. முன்னது இல்லை என்று சொன்ன எந்தத் தீர்ப்பும் பின்னதை எடுத்துவிடவில்லை.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிய விவகாரமும் அன்று. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் கொண்டுவந்து அடைத்தது நம் கோட்டையில். அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது. 1990களில் அதே கோட்டைக்குள் இலங்கைத் தமிழர்களுக்கான ‘சிறப்பு முகாம்’ இருந்தது. 1995இல் சுரங்கம் தோண்டிச் சிலர் தப்பியது அன்றைய செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. சிறப்பு முகாம் சிறையன்று, வெளிநாட்டவர் சட்டத்தின்படி நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் இடம் மட்டுமே என்பது அரசின் நிலை. தண்டனை விதிக்கப்படாமலே மாதக்கணக்கில் ஒருவர் வெளியே வர முடியாத இடத்தை என்ன பெயரிட்டு அழைப்பது என்று கேட்கவாவது ஒரு வக்கீல் வேண்டாமா?

நம் ஊர் ஏழைகள் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அவர்களுக்கும் அதே 12ஆம் பிரிவுதான். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஒருவருக்குத் தருவதால் மற்றவருக்குக் குறைந்துபோகிற பந்தியாக இதை நான் பார்க்கவில்லை. ஒரு தகவலையும் சேர்த்துக்கொள்கிறேன்: 2021இல் சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்ட கணக்குப்படி, தமிழ்நாட்டின் 108 முகாம்களிலும் சேர்த்து இருந்தவர்கள் 58,822 பேர்.

கேள்வி: முகாமிலிருந்து வருபவர்கள் சொல்வதைப் பிரமாண வாக்குமூலமாக எழுதும்போது என்ன கவனிக்க வேண்டும்? எல்லோரும் தமிழ்தானே பேசுகிறோம், மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று விட்டுவிட்டேன்; இப்போது குறுக்கு விசாரணையில் சிக்கல்.
– வழக்கறிஞர், இராணிப்பேட்டை

பதில்: எல்லோரும் தமிழ்தான் பேசுகிறோம் என்பதுதான் சிக்கலே. ஒரு மூதாட்டி ‘விதானையார் தந்த துண்டு படகில் நனைந்துபோச்சு’ என்றார். எங்கள் குமாஸ்தா, விதானையார் என்பவர் தந்த துண்டு, அதாவது தோளில் போடும் துண்டு, நனைந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, இதை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டார். விதானையார் என்றால் அவர்கள் ஊர்க் கிராம அலுவலர். துண்டு என்றால் காகிதச் சீட்டு. வசிப்பிடச் சான்று தொலைந்ததற்கு அந்த ஒரு வரிதான் விளக்கம்; அது வாக்குமூலத்தில் இல்லாமல் போயிருக்கும். முகாமிலேயே பிறந்து வளர்ந்த பேத்தி பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம்.

ஆகவே சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், அடைப்புக்குறிக்குள் பொருளையும் எழுதுங்கள். எழுதி முடித்ததை உரக்க வாசித்துக் காட்டுங்கள். தப்பி வந்த நாளைப் பற்றிப் பேசும்போது தேதிகள் முன்பின்னாக வருவதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாரி தொடங்கிய பிறகா, கோயில் திருவிழாவுக்கு முன்பா என்று கேட்டால் பல நேரம் தேதி தானாகவே வந்து நிற்கும். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் வாங்கிவிட முயல வேண்டாம். கட்சிக்காரர் உங்களிடம் சொன்னதை, காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிரிவு உட்பட யார் வந்து கேட்டாலும், அவர் சம்மதமின்றிச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 132ஆம் பிரிவு அதைக் காக்கிறது. இனிமேல் நடக்கப்போகும் குற்றத்துக்கான பேச்சு அந்தக் காப்பில் அடங்காது. இதைக் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகுதான் பலர் வாயைத் திறக்கிறார்கள்.

கேள்வி: என் மகன் முகாமில் பிறந்த பெண்ணை மணக்க விரும்புகிறான். எங்களுக்குச் சம்மதம். நிலம் வாங்கி மருமகள் பெயரில் எழுதலாமா? பேரப்பிள்ளைகளின் நிலை என்ன?
– வாசகி, குடியாத்தம்

பதில்: திருமணத்துக்குச் சட்டத் தடை ஏதும் இல்லை, நடந்த 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். முகாம் அதிகாரிகளுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், இல்லையென்றால் முகாம்வாசிகளுக்கு அரசு மாதந்தோறும் தரும் பணக்கொடைப் பட்டியலிலும் வருகைப் பதிவிலும் குழப்பம் வரும். நிலத்தை மருமகள் பெயரில் எழுத வேண்டாம்: இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும், ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகை மட்டுமே அதற்கு விலக்கு. மகன் பெயரில் வாங்குங்கள், மருமகளின் பாதுகாப்புக்கு உயில் எழுதுவது பற்றித் தனியாகப் பேசுவோம்.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில், மேலே முகாம் சகோதரிக்குச் சொன்ன ‘நுழைந்தவர்’ என்ற சொல்லே இங்கும் முடிவைத் தீர்மானிக்கும். தந்தை குடிமகனாக இருந்தாலும், தாய் சட்டவிரோதக் குடியேறியா இல்லையா என்பதைப் பொறுத்தே குழந்தையின் குடியுரிமை அமையும். மருமகள் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் அவருடைய பிறப்புச் சான்றிதழ்தான் உங்கள் குடும்பத்தின் முதல் ஆவணம். திருமணத் தேதி குறிப்பதற்கு முன்பே அதைக் கையில் வாங்கி, பெயரின் எழுத்துகளும் தேதியும் முகாம் அட்டையோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.